'கீழே கொண்டு வாங்க' என்பதுதான் வாரண்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். லேப்டாப், பிரிண்டர், யூபிஎஸ் என்று எது வாங்கினாலும் "வீட்டுக்கே வந்து சரிசெய்து தருவோம்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அதற்கும் சேர்த்துத்தான் விலை வாங்குகிறார்கள், ஆனால் பழுதாகி போன் செய்தால் மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் "கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டு வாங்க" என்ற பதில்தான் வருகிறது. இங்கே பெரும்பாலானவர்கள் இதற்குப் பழகிப்போய்விட்டார்கள், எனக்கு ஆத்திரம் அதில்தான். பல பழுதுகள் வீட்டிலேயே தீரக்கூடியவை, போனில் இரண்டு வார்த்தை சொல்லித்தந்தால் போதும், அதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை. வீட்டில் தீராத பழுதுக்கு ஆள் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, அதையும் செய்வதில்லை.

நான் வீட்டிலிருந்தபடியே சிறு தேயிலை விவசாயிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், வியாபாரமே இல்லாத மாதம் என்றாலும் நாளுக்கு 20 ரூபாய். அந்த நேரம் பார்த்து, வாரண்டியில் இருக்கும் லேப்டாப்பின் திரை இருண்டுவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் முதலில் ஹிந்திக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு, தமிழுக்கு எண்ணே கிடையாது. அப்புறம் ஒரு பெண் வந்து சீரியல் நம்பர் கேட்டார், பின்கோடு கேட்டார். 643 என்று ஆரம்பித்ததுமே "உங்க லொகேஷன் எங்க சர்வீஸ் ஏரியாவுல வரலை மேடம்" என்றார். என்ன பழுது என்று நான் சொல்லி முடிக்கவே இல்லை. "போர்டு போயிருக்கும், சென்டருக்குக் கொண்டு போயிடுங்க" என்று அவரே முடித்தும் வைத்துவிட்டார். போர்டு என்றால் உள்ளே இருக்கும் முதன்மைச் சர்க்யூட் பலகை, மதர்போர்டு.

கோத்தகிரியிலிருந்து கோவை சுமார் 70 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. மழைக்காலத்தில் எப்போது மரம் சாயும், எங்கே மண் சரியும் என்று தெரியாது. போக ஒரு நாள், திரும்ப வாங்கிவர ஒரு நாள், பஸ் செலவு, இரண்டு நாள் வேலையும் போச்சு. வயதானவர்கள் என்ன செய்வார்கள்? உள்ளடங்கிய ஹட்டியிலிருந்து (மலைக் கிராமத்திலிருந்து) கோத்தகிரி டவுனுக்கு வரவே ஒரு பஸ்ஸை நம்பி இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள் சிலர், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை.

நான் விடவில்லை. பில்லில் "ஆன்சைட் வாரண்டி", அதாவது வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டி என்று தெளிவாக இருந்தது, அதைப் படமெடுத்து, என்ன நடந்தது என்று நாலு வரி எழுதி நிறுவனத்துக்கு ஈமெயில் அனுப்பினேன், பதில் வராததால் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். அது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்கே நிறுவனத்தார் அசைந்துகொடுத்தார்கள். சர்வீஸ் ஏரியாவிலேயே இல்லாத ஊருக்கு ஆள் வந்தார், திரைக்குப் போகிற கேபிளை மாற்றினார், ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த பையன் பாவம், நல்லவன், மேட்டுப்பாளையத்திலிருந்து பைக்கில் மழையில் வந்திருந்தான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவனை அனுப்பமாட்டேன் என்று முடிவு செய்து உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் கோபம்.

1915இல் தீரவில்லை என்றால் அடுத்த வழியும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை. பழைய 1986 சட்டத்தில், பொதுவாக எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அதை மாற்றிவிட்டது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதாவது பொருளை கோவையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கி நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், நீலகிரிக்காரர்கள் ஊட்டியில் இருக்கும் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், அலைய வேண்டியது நிறுவனத்தார்தான். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை, நாமே வாதாடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வீடியோ மூலம் விசாரணைக்கு அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பில் முக்கியம். பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது, அதனால் "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்ற பேச்சுக்கு யாரும் மயங்க வேண்டாம்.

சரி, வீட்டிலேயே தீரக்கூடிய பழுதுகளுக்கு வருகிறேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் "அக்கா, சிஸ்டம் ஆன் ஆகலை" என்று என்னிடம்தான் வருகிறார்கள், அதில் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். வாரண்டியில் இருக்கும் பொருளை மட்டும் திறக்காதீர்கள், அதையே சாக்காக வைத்து வாரண்டி செல்லாது என்பார்கள்.

லேப்டாப் உயிரே இல்லாமல் கிடந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி கழலும் மாடல் என்றால் அதையும் கழற்றுங்கள், பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், அப்புறம் சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்து பாருங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்தால் பல லேப்டாப் எழுந்துவிடும். ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் எச்டிஎம்ஐ ஒயரால் வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம், கோளாறு பெரும்பாலும் திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோதான். இது தெரிந்திருந்தாலே "போர்டு போயிடுச்சு" என்று சொல்லி யாரும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் எளிதில் கேட்க முடியாது.

டெஸ்க்டாப் ஆன் செய்ததும் பீப் பீப் என்று கத்தி நின்றுவிடுகிறதா? நம் ஊர் ஈரத்தில் இது அடிக்கடி வரும். ஜூன், ஜூலையில் பீரோவில் வைத்த துணியே பூஞ்சை பிடிக்கிறது, கம்ப்யூட்டருக்குள் மட்டும் ஈரம் போகாதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, ராம் என்ற நினைவகப் பட்டையை ஓரத்துக் கிளிப்பைத் தள்ளி வெளியே எடுங்கள். கீழ் விளிம்பில் மஞ்சளாகப் பளபளக்கும் பகுதி மங்கியிருக்கும். பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, "டக்" என்று சத்தம் வரும் வரை அழுத்தி மாட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் கம்ப்யூட்டர் இப்படித்தான் பிழைத்தது, அதற்குப் புது மதர்போர்டு போட விலை சொல்லி வைத்திருந்தார்கள். மழை மாதங்களில் கம்ப்யூட்டரை வாரக்கணக்கில் மூடி வைக்காமல் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. உறைபனிக் காலத்தில் குளிரில் கிடந்த லேப்டாப்பை அடுப்போரத்துக்கோ ஹீட்டர் பக்கமோ கொண்டுவந்து உடனே ஆன் செய்யாதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவையுங்கள்.

இன்னொன்று. பேங்க் இணையதளம், அரசு இணையதளம் எதுவும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லை என்று சிவப்பாக எச்சரிக்கை வருகிறது, உடனே வைரஸ் என்று பயந்து ஃபார்மேட் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் திரை ஓரத்தில் தேதியைப் பாருங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சின்ன பட்டன் செல் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு இணையதளத்துக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு, கம்ப்யூட்டர் பழைய தேதியில் நிற்பதால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று நினைத்துக்கொள்கிறது. சிஆர் 2032 என்று மேலே அச்சடித்திருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும், மாற்றித் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது.

கரண்ட் விஷயத்தை நம் ஊரில் லேசாக விடக்கூடாது. ஏப்ரல், மே இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் வானம் கறுத்ததுமே, இடி தொடங்கும் முன்பே பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய செப்பு டெலிபோன் ஒயர் வழியாக மின்னல் வந்து மோடம் கருகும். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக வராது, ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் கரண்டில்தானே மாட்டியிருக்கிறது, அதையும் பிடுங்குங்கள். கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று இருந்தால் வீட்டில் எர்த் சரியில்லை, அதை கம்ப்யூட்டர் கடைக்காரர் தீர்க்க முடியாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். யூபிஎஸ் பேக்கப் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பேட்டரிதான், அதை மட்டும் மாற்றலாம், புது யூபிஎஸ் தேவையில்லை.

விண்டோஸ் 10 விஷயமும் சொல்லியாக வேண்டும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான அப்டேட் நின்றது. அதைச் சொல்லியே நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்களைப் பழைய இரும்புக்குப் போடவைத்து புதுசு விற்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட்டே வழி வைத்தது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். விண்டோஸ் 11 ஏறாது என்று வருபவற்றில் சில, டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைந்து கிடப்பதால்தான், அதை ஆன் செய்தால் ஏறிவிடும். ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் பெரும்பாலும் முறைப்படி ஏறாது, அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது, படிக்கிற பிள்ளைக்கும் பேங்க் வேலைக்கும் தாராளமாகப் போதும். ஆமை வேகத்தில் போகும் பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள், அதுதானா இது என்று கேட்பீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் உங்கள் போட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அப்புறம், கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி முதலில் வருவதைக் கூப்பிடாதீர்கள், அங்கே போலி எண்கள் நிறைய. பெட்டியிலோ பில்லிலோ இருப்பதைக் கூப்பிடுங்கள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, வைரஸ், இந்த நம்பருக்கு உடனே பேசு என்று கத்தினால் அது வெறும் வெப் பக்கம்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கொடுத்து மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மலை மாவட்ட வாசகர்கள் கேட்கும் இதுபோன்ற கேள்விகளுக்கு வாரம் கால் பக்கமாவது உங்கள் பதிப்பில் ஒதுக்குங்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதட்டும், நானும் எழுதுகிறேன். கோவையில் உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் அதிகாரிகளிடம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஆள் அனுப்பாமல் ஆன்சைட் வாரண்டிக்குப் பணம் வாங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று உங்கள் நிருபர்கள் கேட்டு, அவர்கள் பதிலைப் போடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன்பே, உங்கள் பின்கோடுக்கு வீட்டுச் சேவை உண்டா என்று கேட்டு, "உண்டு" என்றால் அதைப் பின்கோடோடு பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.