ரிம் விளம்பரத்தில் அங்குலம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு விளம்பரப் பகுதிகளில் ஸ்போர்ட் ரிம் விற்பவர்கள் பெரும்பாலும் இரண்டே எண்களைக் கொடுக்கிறார்கள்: “18 அங்குலம், 5×100.” அதன் பின்னால் “டொயோட்டா 86, சுபாரு, பழைய கோல்ஃப், எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்று ஒரு வால். ஒரு ரிம் ஒரு காரில் சரியாக உட்காருமா என்று சொல்ல ஆறு விவரங்கள் வேண்டும்: விட்டம், அகலம், ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், சக்கரம் மாட்டும் ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.இல்), நட்டுத் துளைகளின் வட்டம் (5×100 என்றால் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து துளைகள்), நடுத்துளை, நட்டின் புரியும் அது அமரும் இருக்கையும். கடைசி மூன்றில் ஏமாந்தால் போவது பணம் மட்டும் அல்ல.

மலேசியச் சாலைகளில் இன்றும் பலர் ஓட்டும் டொயோட்டா 86ஐயே எடுத்துக்கொள்வோம். 2012இல் வந்த இந்தக் காரில் தொழிற்சாலையே போட்டுக் கொடுத்த ரிம் 17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48. துளைவட்டம் 5×100, நடுத்துளை 56.1 மி.மீ. நட்டு 12 மி.மீ., புரி இடைவெளி 1.25. டயர் 215/45 ஆர்17: அகலம் 215 மி.மீ., பக்கச் சுவர் அதில் 45 விழுக்காடு, ரிம் 17 அங்குலம்.

முன்னால் டொயோட்டா சின்னம் இருந்தாலும் ஹப்பும் நட்டும் சுபாரு வழி வந்தவை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பழைய செலிக்கா, ப்ரியஸ் ரிம்களுக்கும் 5×100தான். ஆனால் நடுத்துளை 54.1. அது 56.1 ஹப்பின் மேல் ஏறவே ஏறாது. லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கலாம் என்பார்கள். கடைசல் மையம் சற்று விலகினாலும் போதும், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் தீராது. கோல்ஃப் நான்காம் தலைமுறை ரிம்மின் சிக்கல் வேறு. நடுத்துளை 57.1 என்பதால் எளிதில் ஏறிவிடும், எல்லாம் சரி என்று தோன்றும். அரை மி.மீ. இடைவெளியை வளையம் போட்டு அடைக்கலாம். நட்டின் இருக்கைதான் உண்மையான ஆபத்து. ஃபோக்ஸ்வாகன் ரிம்மில் அது உருண்டைக் குழி. 86இன் நட்டோ 60 பாகைக் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். எவ்வளவு இறுக்கினாலும் சில நூறு கிலோமீட்டரில் தளரத் தொடங்கும்.

நட்டு விஷயத்தில் இன்னொன்று. மற்ற பெரும்பாலான டொயோட்டா கார்களின் நட்டுப் புரி இடைவெளி 1.5. அதை 86இன் ஸ்டட்டில் வைத்தால் கையால் ஓரிரு சுற்று போய் நின்றுவிடும். அங்கே நிறுத்தாமல் இம்பாக்ட் கன்னால் அடித்து ஏற்றினால் புரி தேய்ந்து ஸ்டட் கெடும். முதல் ஐந்தாறு சுற்று கையால் சுற்ற வேண்டும் என்று டயர் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பின் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை சோதிக்க வேண்டும்.

கடையில் வாங்கும் பொது ரிம்களில் நடுத்துளை 73.1 என்று பெரிதாக விட்டிருப்பார்கள், பல கார்களுக்கு விற்பதற்காக. அதற்கு 73.1க்கு 56.1 என்ற வளையம் நான்கு வேண்டும். வளையம் எடையைத் தாங்குவதில்லை. நட்டு இறுகும்வரை ரிம்மை மையத்தில் பிடித்து வைப்பதே அதன் வேலை. சர்க்யூட் போகிறவர்கள் அலுமினிய வளையம் வாங்கட்டும், பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் இளகும்.

அடுத்து அகலமும் ஆஃப்செட்டும். இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் ரிம் உள்ளே எவ்வளவு போகிறது என்று தெரியும். பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வெளியே எவ்வளவு வருகிறது என்று தெரியும். பழைய ரிம்முக்கு உள்ளே 136.9, வெளியே 40.9 மி.மீ. 8 அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்றால் உள்ளே 146.6, வெளியே 56.6. அதாவது அப்சோர்பர் பக்கம் கிட்டத்தட்ட 10 மி.மீ., மட்கார்டு பக்கம் 16 மி.மீ. கூடுகிறது. 8.5 அங்குலம், அதே 45 என்றால் உள்ளே 16, வெளியே 22 மி.மீ. கூடும். “ஆஃப்செட் மூன்றுதானே குறைகிறது” என்று கேட்பவர்கள் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். ஆஃப்செட்டை 30, 25 என்று இறக்கிச் சக்கரத்தை வெளியே தள்ளுவது பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் வீல் பேரிங்மேல் நெம்புகோல் போல் பாரம் கூடும், பள்ளத்திலும் பிரேக்கிலும் ஸ்டீயரிங் கையை இழுக்கும்.

டயரின் மொத்த விட்டம் மூன்றாவது கணக்கு. 215/45 ஆர்17இன் விட்டம் 625 மி.மீ. 225/45 ஆர்17 என்றால் 634, அதாவது 1.4 விழுக்காடு அதிகம். 225/40 ஆர்18இல் 637. சிலர் கேட்டு வாங்கும் 235/40 ஆர்18 என்றால் 645, 3.2 விழுக்காடு. மீட்டர் காட்டும் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு அது மூன்றரை கிலோமீட்டர் வித்தியாசம். கியர் விகிதமும் அதே அளவு நீண்டுவிடும். குறைந்த சுழற்சியில் திணறும் இந்த எஞ்சினுக்கு அது நல்லதல்ல. பழைய விட்டத்திலிருந்து இரண்டு விழுக்காட்டுக்குள் நிற்பதே புத்திசாலித்தனம்.

பெரிய ரிம் போட்டால் பிடிமானம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. பிடிமானம் ரப்பரில் இருக்கிறது, ரிம்மின் விட்டத்தில் இல்லை. 86இல் தொழிற்சாலை போட்டது ப்ரியஸிலும் போட்ட வகை மிஷெலின் ப்ரைமசி. கார் எளிதாகச் சறுக்கி விளையாட வேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள். அதே 17 அங்குல ரிம்மில் நல்ல ஸ்போர்ட் டயரை மாட்டிப் பாருங்கள், வேறு காராகத் தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 17×8, ஆஃப்செட் 45, டயர் 225/45 ஆர்17. சாலைக்கும் அவ்வப்போது செப்பாங் போவதற்கும் இதைவிடத் தேவையில்லை என்பதே என் கருத்து. அந்த டயர் 7 முதல் 8.5 அங்குல ரிம் வரை அமரும். 245/40 ஆர்17 போட ஆசையென்றால் குறைந்தது 8 அங்குலம், நன்றாக அமர 8.5. ரிம் மிக அகலமாகவும் டயர் குறுகலாகவும் இருந்தால் டயரின் ஓரம் இழுபட்டு, விளிம்பைக் காக்க ரப்பரே இருக்காது. நம்மூர் அடைமழையில் இன்னொரு பக்கமும் உண்டு: அகன்ற டயர் அதிக நீரைத் தள்ள வேண்டியிருப்பதால் தேங்கிய நீரில் முன்னதாகவே மிதக்கும்.

18 அங்குலம்தான் வேண்டும், கண்ணுக்கு அதுதான் பிடிக்கிறது என்றால் டொயோட்டாவே வழி காட்டியிருக்கிறது. 2021இல் வந்த ஜி.ஆர் 86இல் அவர்கள் வைத்தது 18×7.5, ஆஃப்செட் 48, டயர் 215/40 ஆர்18. விட்டம் 629 மி.மீ.தான். 19 அங்குலம் வேண்டாம். 225/35 ஆர்19இல் பக்கச் சுவர் 79 மி.மீ.; பழையதில் 97. பள்ளத்தில் விழுந்தால் ரிம்மின் உள்விளிம்புதான் முதலில் வளையும்.

டயரின் சுமை எண்ணையும் பாருங்கள். 87 என்றால் ஒரு டயருக்கு 545 கிலோ, 91 என்றால் 615. கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்.எல் வகை தன் முழுத் திறனைத் தர அதிகக் காற்று கேட்கும்; காற்றைப் பழைய அளவிலேயே விட்டால் கூடுதல் எண் வெறும் அச்சுதான். முன்பின் டயர்களின் அளவை மாற்றவும் வேண்டாம். நான்கும் ஒரே அளவாக இருக்கும்போதுதான் இந்தக் கார் சமநிலையில் திரும்புகிறது. இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தையும் சரிசெய்யலாம்.

வாங்குவதற்கு முன் முன்சக்கரம் ஒன்று, பின்சக்கரம் ஒன்று மாட்டிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். அப்சோர்பரின் மேல் சிறு களிமண் உருண்டையை ஒட்டிச் சக்கரத்தை மாட்டிச் சுற்றினால் அது எவ்வளவு நசுங்குகிறது என்று தெரியும், 5 மி.மீ.க்குக் குறைவாக மிஞ்சினால் வேண்டாம். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பின்னால் ஆள் ஏற்றி மட்கார்டின் உள்மடிப்பையும் பார்க்க வேண்டும்.

பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடைகளில் ஜப்பான் பழைய ரிம் எடுப்பவர்கள் டயர் இல்லாமல் பேலன்ஸ் மெஷினில் சுற்றச் சொல்லுங்கள். உள்விளிம்பு ஆடுகிறதா, எங்காவது பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஜப்பானிய ரிம் தரத்தைக் காட்டும் ஜே.டபிள்யூ.எல் முத்திரையைத் தயாரிப்பாளர் தானே பொறித்துக்கொள்ளலாம், வி.ஐ.ஏ முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் வெளியார் சோதனை நடந்ததாகப் பொருள். இரண்டையும் போலியாக அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள், விலை மிகவும் மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ரிம் விளம்பரம் ஏற்கும்போது அகலம், ஆஃப்செட், நடுத்துளை ஆகிய மூன்று எண்களையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். மூன்றும் பெரும்பாலும் ரிம்மின் உட்புறத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கூடுதலாக ஒரு வரிதான் ஆகும்.

வாசகர்,
கிள்ளான்.