செயலாளரின் ஆண்டறிக்கை (2023–2024)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அம்பாசமுத்திரம் வட்டாரத்து மிதிவண்டி அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. குடியரசு நாளில் கொடியேற்றினோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுத்தரும் முகாம் ஒன்றை நடத்தினோம்.

ஆண்டின் பெரும்பணி மலையடிவாரச் சுற்றுப் பயணமே. அதைப் பற்றிச் சிலர் வெளியில் பேசியவை என் காதுக்கும் வந்ததால், ஒவ்வொரு முடிவும் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

மாஞ்சோலைக்கோ காரையாருக்கோ ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். அவ்விரு இடங்களும் உள்ள களக்காடு–முண்டந்துறை தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். 1988 முதல் அந்நிலையில் உள்ளது. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கூட்டமாகச் சைக்கிளில் செல்வது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. தவிர, நாம் அறிவித்தது நடுத்தரப் பயணம். சமதரையில் இருபது கிலோமீட்டர் மிதிக்கப் பழகிய ஒருவர், இடையிடையே இளைப்பாறி, வெயில் ஏறுமுன் வீடு திரும்ப வேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல். அதன்படி அம்பாசமுத்திரத்தில் புறப்பட்டு, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், அங்கிருந்து மலையை இடப்பக்கம் வைத்துச் சிவசைலம், கோவிந்தப்பேரி, கடையம், பிறகு பொட்டல்புதூர், ஆழ்வார்குறிச்சி வழியாகத் திரும்புவது என்று வகுத்தேன். வலமாகச் சுற்றுவதா இடமாகச் சுற்றுவதா என்று ஒரு கூட்டம் முழுவதும் விவாதித்தோம். சரளும் மணலும் நிறைந்த பகுதியைக் கால் சோராதபோதே கடந்துவிட்டு, களைத்த நேரத்தில் பேருந்து ஓடும் தார்ச்சாலையில் இருப்பதே நல்லது என்பதால் வலம் என்று முடிவாயிற்று. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து கடையமும் ஆழ்வார்குறிச்சியும் அங்கே சேர்ந்துவிட்டதால், இரு மாவட்டக் காவல் நிலையங்களுக்கும் கடிதம் கொடுத்தோம்.

மாதத்தைப் பற்றியும் குறை உண்டு. ஆனி, ஆடியில் சாரல் விழும்போது வைத்திருக்கலாம் என்கிறார்கள். அம்மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் வண்டிகளால் பாபநாசம் சாலையில் சைக்கிளுக்கு இடமும் இருக்காது. ஆகவே மழை ஓய்ந்து, பிசான நெல் இன்னும் அறுப்புக்கு வராத தை மாதத்தைத் தேர்ந்தேன். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நம் திட்டம் முழுவதும் மாறிப்போனது. ஊரே வெள்ளத்தில் தவித்தபோது பயணத்தைப் பற்றிப் பேசுவது முறையன்று என்பதால் மாசிக்குத் தள்ளிவைத்தோம்.

அதன்பின் பாதையை மூன்று முறை பார்த்து வந்தேன். முதல் இரு முறை பொருளாளர் உடன் வந்தார். மூன்றாம் முறை நான் தனியாகவே சென்றேன். சிவசைலம் தாண்டி ஓர் ஓடையின் தாம்போதியில் (தரைப்பாலத்தில்) ஒரு பக்கம் அறுத்துக்கொண்டு போயிருந்தது. மேலே மணல் மூடியிருந்ததால் பார்வைக்குப் பாதை போலவே தெரிந்தது. முன்சக்கரம் அச்சுவரை புதைந்தபோதுதான் பள்ளம் புலப்பட்டது. கம்பை ஊன்றிப் பார்த்தேன், முழங்கால் ஆழம் இருந்தது. அந்த இடத்தை விட்டு விலகித் தார்ச்சாலையில் சுற்றிப்போகும்படி மாற்றினேன். பயணம் நீண்டுவிட்டது என்று பின்னர் வருந்தியவர்கள் இதை அறிய வேண்டும். அன்று வீடு திரும்பிய பின் டயர்களிலிருந்து பதினொரு உடைமுள்ளைக் குறடால் பிடுங்கினேன். ஆளுக்கு இரண்டு ட்யூப் எடுத்துவரச் சொன்னது இதனால்தான். யானையும் கரடியும் தோட்டங்களில் இறங்கும் வேளையில் அடிவாரத்துக்குள் நுழையக் கூடாது என்பதால், பாபநாசத்தை விடிந்த பிறகே அடையும்படி நேரம் குறித்தேன்.

பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ரயில் நிலைய வாசலுக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். வராதவர்களில் மூவர் மட்டுமே முன்னதாகத் தகவல் சொன்னார்கள். மற்றவர்களுக்காக அரைமணி நேரம் காத்திருந்தோம், அந்த அரைமணி நேர வெயிலை வந்தவர்கள்தான் சுமந்தார்கள். கடையத்துக்கு முன் அறுப்பு நடந்துகொண்டிருந்தது; சாலையில் பரப்பியிருந்த வைக்கோல் இருவரது பின் கியரில் சுற்றிக்கொண்டது. நெல் காயப்போட்டிருந்த ஆச்சி ஒருவர், "நெல்லு மேல சக்கரத்த ஏத்திராதிய ஐயா" என்று கேட்டுக்கொண்டார். பத்தொன்பது பேரும் இறங்கி, ஓரமாக உருட்டியே கடந்தார்கள். அந்தக் காட்சிக்காகவே இத்தனை அலைச்சலும் தகும் என்று எனக்குத் தோன்றியது. 1918 முதல் 1920 வரை பாரதியார் வாழ்ந்த கடையத்தில் காலை உணவு உண்டோம். மீந்த இட்லிப் பொட்டலங்களை அறுப்புக்கு வந்தவர்களிடம் கொடுத்தோம். அனைவரும் காயமின்றி அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தார்கள். பின்தொடர்ந்த குட்டியானை வண்டியில் ஏறியவர் ஒருவரே. அவரும் ஆழ்வார்குறிச்சியில் இறங்கி மீண்டும் மிதித்தார்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவை விடச் செலவு சற்றுக் கூடியுள்ளது. பற்றாக்குறை சேமிப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. அறுபத்தொரு உறுப்பினர்களில் இருபத்தேழு பேரின் சந்தா நிலுவையில் உள்ளது, அவர்களுள் சிலருடையது இரண்டாண்டுப் பாக்கி. அவை வந்திருந்தால் பற்றாக்குறையே இருந்திராது. பாதை பார்க்கச் சென்ற நாட்களின் தேநீர்ச் செலவைக்கூட நான் சங்கக் கணக்கில் எழுதவில்லை என்பதையும் இங்கே தெரிவிக்கிறேன்.

தலைவர், பொருளாளர், முதலுதவிப் பெட்டி தந்த மருந்துக் கடை உரிமையாளர், வண்டி ஓட்டுநர், காவல் துறையினர் ஆகியோருக்கு நன்றி.

வரும் தையில் இதே சுற்றை மீண்டும் நடத்த வேண்டும் என்பது என் விருப்பம். கார்த்திகை மழை முடிந்ததும் ஓடைகளை யாராவது நேரில் பார்த்தாக வேண்டும். இம்முறை தனியாகப் போக என்னால் இயலாது. இரண்டு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால் நான் பொறுப்பில் தொடர்வேன். அவ்வாறு எவரும் முன்வராவிட்டால் இப்பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க அனுமதிக்க வேண்டுகிறேன். பாதை பார்ப்போர் பெயர்ப்பட்டியலும் சந்தாப் புத்தகமும் கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்