மனஅழுத்தக் குறிப்புகளில் அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவு வரும் நாட்களிலும் பண்டிகைச் செலவு கழுத்தை நெரிக்கும் மாதங்களிலும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்கள் மனஅழுத்தத்துக்கு வழி சொல்கின்றன. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள், பிடித்ததைச் செய்யுங்கள். யோசனைகளில் குறையில்லை. எவ்வளவு நேரம், எந்தப் பொழுதில், எங்கே சறுக்கும் என்பதுதான் இல்லை. உப்பு, புளி அளவு போடாத சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைத்தவர் ஒரு தடவையோடு விட்டுவிடுவதுபோல, வாசகரும் 'நமக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.

'ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள்' என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். படபடப்பில் இருப்பவர் ஏற்கெனவே உடலுக்குத் தேவையானதைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஆழமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு மேலும் குறையும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், அதைக் கண்டே பயம் இரட்டிப்பாகும். செய்ய வேண்டியது வேறு: வாயை மூடி, மூக்கு வழியாக, வழக்கமான அளவு மூச்சு. உள்ளே இழுக்க நான்கு எண்ணிக்கை, வெளியே விட ஆறு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவதால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். ஆறு கஷ்டமென்றால் மூன்றுக்கு ஐந்து என்று குறைத்துக்கொள்ளலாம். நடுவில் மூச்சை அடக்க வேண்டாம். இதை மனம் அமைதியாக இருக்கும் நாட்களில் காலை, மாலை பழகி வைக்க வேண்டும். நெருக்கடி வந்த அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்காருகிறவருக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. ஒரு எச்சரிக்கையும் அவசியம்: நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

தூக்கத்துக்கு வருவோம். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும். பலருக்கு அந்த ஒரு டம்ளரை மதியத்தோடு நிறுத்துவதே பெரிய மாற்றம். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது நல்லது. மங்கலான வெளிச்சத்தில், கைபேசி இல்லாமல் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுக்கலாம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: ராத்திரி தூங்காதவரைக் காலை ஒன்பது வரை எழுப்பாமல் விடுகிறோம், மறுநாள் எட்டு மணிக்கே படுக்கச் சொல்கிறோம். இரண்டாவது இரவும் கெடுவது அதனால்தான். எவ்வளவு மோசமான இரவானாலும் எழும் நேரம் மாறக் கூடாது. பகல் தூக்கம் அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன்பு.

படுக்கையில் வந்து சூழும் கவலைகளுக்கு மாலையிலேயே நேரம் ஒதுக்குவது நல்ல உத்தி. பதினைந்து இருபது நிமிடம், ஒரு தாள், இரண்டு பத்தி: 'நான் செய்யக்கூடியது', 'என் கையில் இல்லாதது'. முதல் பத்தியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கிழமையும் மணியும் போட்டு, அடுத்துச் செய்யும் ஒரே ஒரு செயலை எழுத வேண்டும். 'வங்கிக்குப் போக வேண்டும்' என்று எழுதினால் அது அப்படியே நிற்கும். 'செவ்வாய் காலை பதினொன்றுக்கு, பாஸ்புத்தகத்தோடு' என்றால் நடக்கும். இரவில் அதே கவலை வந்தால் 'நாளை மாலைக்கு' என்று தள்ளி வைக்கலாம். முதல் சில நாட்கள் மனம் கேட்காது. அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

கடன் கவலைக்கு இந்தத் தாள் இன்னும் விரிவாக வேண்டும். யாருக்கு, பாக்கி அசல் எவ்வளவு, வட்டி, கெடு என்று நான்கு கட்டம். நாம் 'மூன்று வட்டி' என்று சாதாரணமாகச் சொல்வது ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி நகைக்கடன் வட்டி அதில் பாதிகூட இருக்காது. தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதும்போதுதான் எதை முதலில் அடைப்பது என்பது கண்ணில் படும். கடன் வசூலிப்பவர்கள் காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. தனியாரின் கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் உண்டு. இவற்றை நலவாழ்வுப் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை. கடன்காரரின் அழைப்பு மணிக்கு நடுங்குகிறவருக்குத் தியானத்தைவிட இந்தத் தகவல் முதலில் தேவை என்பது என் கருத்து.

'பிடித்ததைச் செய்யுங்கள்' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனம் சோர்ந்தவருக்கு எதுவுமே பிடிக்காது. விருப்பம் வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. அதனால் விருப்பத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும், பத்தே நிமிடம். கோலம், செடிக்குத் தண்ணீர், தெருமுனை வரை நடை, பாட்டு, பழைய துணி தைப்பது, எதுவானாலும் சரி. எது தனக்கு ஒத்துவருகிறது என்பதை அடுத்தவர் சொல்ல முடியாது, ஆனால் அளந்து பார்க்க முடியும். பாரம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை மூன்று தடவை குறிக்க வேண்டும்: தொடங்கும் முன், முடித்தவுடன், மறுநாள் காலை எழுந்தவுடன். இரண்டு வாரம்.

அந்த மூன்றாவது எண்தான் முக்கியம். கைபேசியில் வீடியோ தள்ளிக்கொண்டே இருப்பது அந்த நேரத்துக்கு எட்டை நாலாக்கும். தூக்கத்தைத் தின்றுவிட்டால் காலையில் மறுபடி எட்டாகவே நிற்கும். மதுவும் அப்படித்தான். சீக்கிரம் தூங்க வைக்கும், இரவின் பின்பாதியைக் குலைக்கும், விடியற்காலையில் படபடப்போடு எழுப்பிவிடும். நடைப்பயிற்சியோ பல நாள் முடித்தவுடன் எதையும் குறைத்ததாகத் தெரியாது, காலை எண்ணில்தான் வித்தியாசம் தெரியும். முடித்தவுடன் வரும் எண்ணை மட்டும் பார்த்தால் நல்ல வழியைக் கைவிட்டுக் கெட்ட வழியைப் பிடித்துக்கொள்வோம்.

எழுதித் தீர்க்க விரும்புபவருக்கு ஒரு சொல். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் ஆராய்ந்த முறையில் பதினைந்து இருபது நிமிடம், தொடர்ந்து மூன்று நான்கு நாள் எழுதுவார்கள். அதோடு நிறுத்திவிடுவார்கள். எழுதி முடித்த உடனே மனம் கனப்பது இயல்பு, சிறிது நேரத்தில் தணியும். மாதக்கணக்கில் அதே குறையை அதே சொற்களில் எழுதிக்கொண்டிருந்தால் புண்ணைக் கீறுவதாகவே முடியும்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் சோர்வாகவே கழிந்தால், வேலையோ சாப்பாடோ தூக்கமோ கெட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறும் இரத்தச்சோகையும் மனஅழுத்தம் போலவே முகம் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் போன்ற, பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். பழகிவிடும், திடீரென நிறுத்தினால் பழைய படபடப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மருந்து இலவசம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனஸ்' என்ற மனநல உதவி எண் 14416-இல் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நலவாழ்வுக் குறிப்பு ஒவ்வொன்றோடும் அளவு, நேரம், யாருக்கு ஒத்துவராது என்ற மூன்றையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். உதவி எண்களைத் தற்கொலைச் செய்திகளின் அடியில் மட்டும் போடுவதால், உயிரை விடத் துணிந்தவர்களுக்கு மட்டுமே அவை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தூக்கம் வராதவரும் கடனில் தவிப்பவரும் அழைக்கலாம் என்ற ஒரு வரியோடு, அவற்றை ராசிபலன் பக்கத்தில் தினமும் வெளியிட முடியுமா? கவலையில் இருப்பவர்கள் தவறாமல் படிக்கும் பக்கம் அது.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர் ஒருவர்,
திருச்சி