அலியின் அம்மா: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

போன வாரம் போனில் கேட்டீர்களே, "இருபது வருஷம் குவைத்துல அந்த உம்மு அலி இனிப்பைச் செஞ்சிருக்கேன், யாருடா அந்த அலி, அவங்கம்மா என்ன பண்ணினாங்க?" என்று. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். பலகாரத்தைத் தேடிப் போனவன் இரண்டு கொலைகளில் போய் நின்றேன். போனில் சொன்னால் பாதியில் "இரு, குக்கர் கத்துது" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர். அரபியில் 'உம்' என்றால் தாய். காயல்பட்டினத்துப் பிள்ளைகள் உம்மா என்று கூப்பிடுகிறார்களே, அதே சொல். உம்மு அலி என்றால் அலியின் அம்மா, அவ்வளவுதான். இந்த அலி, எகிப்தை 1257 முதல் 1259 வரை பெயருக்கு ஆண்ட ஒரு சின்னப் பையன். ஆனால் கதை அவனிடமிருந்து தொடங்கவில்லை. அவன் அம்மாவுக்கு எதிரியாக இருந்த இன்னொருத்தியிடமிருந்து தொடங்குகிறது.

அவள் பெயர் ஷஜருத்துர். முத்து மரம் என்று பொருள். அடிமையாக வாங்கப்பட்டு, சுல்தான் ஸாலிஹ் அய்யூபின் மனைவியானவள். 1249இல் பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையோடு கடல் வழியாக வந்து, நைல் கழிமுகத்தில் இருக்கும் டமியெட்டாவைப் பிடித்துவிட்டான். அதே ஆண்டு நவம்பரில், மன்சூரா முகாமில் சுல்தான் நோயில் இறந்துபோனார். எதிரி வாசலில் நிற்கிறான், பட்டத்து வாரிசு துரான்ஷாவோ தூர தேசத்தில். என்ன செய்தாள் தெரியுமா? சாவை மறைத்தாள். உடலை இரவோடு இரவாகப் படகில் ஏற்றிக் கெய்ரோவுக்கு அனுப்பினாள். சுல்தானுக்கு உடம்பு சரியில்லை, யாரையும் பார்க்க மாட்டார் என்றாள். உத்தரவுகள் அவர் கையெழுத்தோடு வந்துகொண்டே இருந்தன. வேளாவேளைக்குச் சாப்பாட்டுத் தட்டும் அவர் இருந்த இடத்துக்குப் போய்வந்தது. அந்தத் தட்டைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன் அத்தை. இல்லாத ஆளுக்கு எத்தனை நாள் சமைத்திருப்பார்கள்! சமையற்கட்டில் யாருக்காவது தெரிந்திருக்காதா? தட்டு எப்படித் திரும்பி வருகிறது என்பதை வைத்தே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

செய்தி மெல்லக் கசிந்தது. ஆனாலும் படை கலையவில்லை. 1250 ஏப்ரலில் லூயியையே சிறைபிடித்தார்கள். அதற்கு முன்பே துரான்ஷா வந்து சேர்ந்திருந்தான். வந்தவன் வெற்றி தேடித் தந்த மம்லூக் வீரர்களையே ஒதுக்கப் பார்த்தான். மம்லூக்குகள் என்றால் சிறுவயதில் அடிமைகளாக வாங்கிப் போர்ப்பயிற்சி கொடுத்து வளர்த்த படையினர். அவர்களே அவனைக் கொன்றார்கள். கொன்றுவிட்டு அரியணையில் உட்காரவைத்தது ஷஜருத்துரை. டமியெட்டாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெரிய மீட்புத் தொகையும் பேசி, லூயியை அனுப்பிவைத்தது அவளுடைய ஆட்சியில்தான். ஆண்டது சுமார் எண்பது நாள். பாக்தாதிலிருந்த கலீஃபா, உங்களிடம் ஆண் இல்லையென்றால் சொல்லுங்கள், இங்கிருந்து ஒருவனை அனுப்புகிறோம் என்று எழுதினாராம். (அந்தக் கலீஃபாவை 1258இல் மங்கோலியர்கள் கொன்றார்கள். பாக்தாதுக்கே அப்போது ஆள் தேவைப்பட்டது.)

இந்த இடத்தில் ஒன்று. அவள் அடித்த தங்கக் காசு இன்னும் இருக்கிறது. அதில் அவளுக்கு என்ன பட்டம் என்கிறீர்கள்? முஸ்லிம்களின் அரசி, கலீலின் தாய். கலீல் அவளுக்குப் பிறந்து குழந்தையிலேயே இறந்துபோன மகன். நாட்டையே ஆண்டவள், செத்துப்போன குழந்தையின் அம்மா என்ற உரிமையில்தான் ஆள வேண்டியிருந்தது. குவைத்தில் அந்த வீட்டு அம்மா உங்களை 'உம்மு குமார்' என்றே கூப்பிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டு சொல்வீர்களே. அதைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நெருக்கடி தாங்காமல் ஷஜருத்துர், ஐபக் என்ற மம்லூக் தளபதியை மணந்து அரியணையை அவனுக்குக் கொடுத்தாள். அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள், அலி என்று ஒரு மகனும். அவளை விலக்கி வைக்கச் சொன்னவள் ஷஜருத்துர்தான் என்கிறார்கள். ஏழு வருஷம் போனது. ஐபக், மோசுல் ஆட்சியாளரின் மகளைப் பெண் கேட்க ஆரம்பித்தான். 1257 ஏப்ரல் 10, குளியலறையில் வேலையாட்கள் அவனைக் கொன்றார்கள். ஏற்பாடு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கெய்ரோ கோட்டையில் சிவப்புக் கோபுரத்தில் அவளை அடைத்தார்கள். அங்கே இருந்தபோது, வேறு எவளும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தன் முத்தையும் மணியையும் உரலில் போட்டு இடித்துப் பொடியாக்கினாள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். முத்து மரம் தன் முத்தைத் தானே இடித்தது. பிறகு அலியின் அம்மாவிடம் ஒப்படைத்தார்கள். அவளுடைய பணிப்பெண்கள் ஷஜருத்துரைக் குளியலறையில் போடும் கட்டைச் செருப்பால், நம் ஊர்ப் பாதக்குறடு மாதிரியானது, அடித்தே கொன்றார்கள். உடலைக் கோட்டைக்கு வெளியே வீசினார்கள். சில நாள் கழித்துத்தான் அடக்கம் நடந்தது, அவளே முன்கூட்டிக் கட்டிவைத்திருந்த கல்லறையில். கெய்ரோவின் கலீஃபா தெருவில் இன்றும் இருக்கிறது. உள்ளே மிஹ்ராபில், அதாவது தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடத்தில், தங்கப் பின்னணியில் ஒரு மரம், சிப்பி முத்தொளியில் காய்கள். அதை இடிக்க யாராலும் முடியவில்லை.

சரி, பலகாரம் எங்கே என்கிறீர்களா? ஊரில் சொல்லும் கதைப்படி, எதிரி ஒழிந்த மகிழ்ச்சியில் அலியின் அம்மா சமையல்காரர்களை அழைத்து ரொட்டி, பால், சர்க்கரை, கொட்டைப் பருப்பு எல்லாம் சேர்த்து ஒன்றைச் செய்யச் சொல்லி, தட்டுக்கு ஒரு பொற்காசு வைத்து ஊருக்கே கொடுத்தாளாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்பு எதால் செய்தது என்பதுவரை குறித்துவைத்தவர்கள், ஊருக்கே பொற்காசு கொடுத்ததை விட்டுவிடுவார்களா? இன்னொரு கதையில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு ஐரிஷ் செவிலிப் பெண் வருகிறாள், ஓ'மாலி என்பதுதான் உம்மு அலி ஆனது என்று. அது அதைவிட மோசம், பெயரை வைத்து யாரோ கட்டிய கதை. ரொட்டியைப் பாலிலும் கொழுப்பிலும் ஊறவைத்துச் செய்யும் இனிப்புகள் அரபு சமையல் நூல்களில் 10ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. அதற்கு யாரும் சாக வேண்டியதில்லை.

ஆனால் சர்க்கரை மட்டும் நிஜம். மம்லூக் காலத்துக் கெய்ரோவில் இனிப்புக்கென்றே ஒரு கடைத்தெரு. ரஜப் மாதத்தில் சர்க்கரையில் வார்த்த குதிரை, சிங்கம், பூனை எல்லாம் நூலில் கட்டிக் கடை வாசலில் தொங்கும் என்று எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். வடக்கே கற்கண்டை 'மிஸ்ரி' என்பார்கள், எகிப்துக்காரி என்று அர்த்தம். சர்க்கரை என்ற சொல் நம் பக்கத்திலிருந்து அங்கே போனது, கற்கண்டு அங்கிருந்து பெயர் வாங்கித் திரும்பியது. இதைச் சொன்னால் மாமா என்ன சொல்வார் என்று தெரியும், சொல்லாதீர்கள்.

அத்தை, அலியின் அம்மாவுக்கு என்ன பெயர் என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள். புத்தகங்களில் எங்கே பார்த்தாலும் உம்மு அலிதான். மகனையும் இரண்டு வருஷத்தில் குதுஸ் என்ற தளபதி இறக்கிவிட்டான். மிச்சம் இருப்பது ஒரு தட்டு.

நேற்று நானே செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடி ஊட்டி வர்க்கியைக் கையாலேயே நொறுக்கினேன், முந்திரியும் திராட்சையும் தேங்காய்த் துருவலும் இடையில் தூவி, கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றி, மேலே பாலாடை பரப்பி ஓவனில் வைத்தேன். ஓரமெல்லாம் கொப்பளித்து, மேலே பொட்டுப் பொட்டாகச் சிவந்து, வாசம் நன்றாகத்தான் வந்தது. கரண்டியை விட்டால் அடியில் குழம்பு மாதிரி ஓடுகிறது. ஒரு பாக்கெட் வர்க்கிக்கு எத்தனை டம்ளர் பால்? அதை மட்டும் போனில் சொல்லுங்கள்.