கோடைக்கு ஒரு பந்து, குளிருக்கு ஒரு பந்து

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீராங்கனை ஜெஸ் டஃபின் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் மெல்போர்ன் மைதானங்களில் ஆடியவரைத் தமிழில் படிக்கக் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் இரண்டு இடங்களில் மனம் இடறியது.

முதலாவது சிறியது. ‘கால்பந்துக்குப் போனார்’ என்று மட்டும் எழுதினால் நம் வாசகர்கள் மெஸ்ஸி ஆடும் ஆட்டத்தைத்தான் நினைப்பார்கள். போட்டிருந்த படமும் அந்தப் பந்துதான். டஃபின் ஆடியது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. இங்கே ‘ஃபுட்டி’ என்பார்கள். பந்து முட்டை வடிவம். கையால் பிடிக்கலாம், மடக்கிய கை முஷ்டியால் குத்திக் கடத்தலாம். உயரத்திலிருந்து இறங்கும் பந்தைத் தாவிப் பிடிப்பதே ஆட்டத்தின் அழகு. எல்லைக்கோட்டில் கேட்ச் பிடித்துப் பழகிய கைக்கு அது அந்நியமா என்ன?

இரண்டாவதுதான் என் வருத்தம். ‘கிரிக்கெட்டைக் கைவிட்டுத் தாவினார்’ என்கிறது கட்டுரை. 2013 பிப்ரவரியில் மும்பை பிராபோர்ன் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ஜெஸ் கேமரூன் என்ற பெயரில் 75 ரன் அடித்து ஆட்ட நாயகியானவர் அவர். 2017-ல் பெண்களுக்கான தேசிய ஃபுட்டி லீக் தொடங்கியதும் காலிங்வுட் அணியில் சேர்ந்தார். பிறகு நார்த் மெல்போர்ன். ஆனால் மட்டையைப் பரணில் போட்டுவிடவில்லை. 2019 கடைசியில் பிக் பாஷ் என்ற இருபது ஓவர் கிரிக்கெட் லீகில் மெல்போர்ன் ரெனிகேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். தாயான பிறகும் ஆடினார். இதற்குத் தாவல் என்றா பெயர்?

இந்த இரண்டு ஆட்டங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1858 ஜூலையில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கால்பந்துச் சங்கம் ஒன்று வேண்டும் என்று மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே விதிகள் எழுதப்பட்டன. ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் ஆட்டமே பிறந்தது என்றால் அது மிகைதான். என்னைப் போல் கடிதம் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பெருமையாவது இருக்கட்டும். இன்றும் எங்கள் பேட்டை மைதானத்தில், இங்கே குளிர்காலம் நெருங்கும் ஏப்ரல் வந்தால் நடுவிலுள்ள கிரிக்கெட் பிட்ச்சை மூடிவிட்டு, அதே புல்லில் ஃபுட்டி ஆடுகிறார்கள். என் பேத்தி இரண்டுக்கும் போகிறாள். அவளை யாரும் தாவினாள் என்று சொன்னதில்லை.

காசையும் பார்க்க வேண்டும். அந்த முதல் ஃபுட்டி பருவத்தில் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைத்தது 8,500 டாலர் அளவுதான். அதை வைத்துக்கொண்டு மெல்போர்னில் யாரால் வாடகை கொடுக்க முடியும்? ஒன்றுக்கு இரண்டாக ஆடுவதும், நடுவில் வேலைக்குப் போவதும் அவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்காது.

கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டிய சங்கதி வேறு. 2019-லிருந்து பெண்கள் பிக் பாஷ் அக்டோபருக்கு நகர்ந்தது. பெண்கள் ஃபுட்டி லீக் ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தொடங்கியது. ஒன்று முடிந்து மூச்சு வாங்கி மற்றொன்றுக்குப் போக வழி இருந்தது. 2022-ல் ஃபுட்டியை ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை இழுத்தார்கள். இப்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. டஃபின் போல இரண்டிலும் காலூன்ற நினைக்கும் பெண்ணுக்கு அட்டவணையே கதவைச் சாத்திவிட்டது. லீகுகளுக்கு ஆயிரம் நியாயம் இருக்கலாம், எனக்கு ஒப்பவில்லை.

அடுத்து எழுதுவதாக இருந்தால் எம்மா கியர்னியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்போர்ன் ஸ்டார்ஸுக்குக் கிரிக்கெட் ஆடியவர். 2018-ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸுடன் ஃபுட்டி கோப்பையும், அதே ஆண்டு லீகின் சிறந்த வீராங்கனை விருதும் பெற்றார். பிறகு நார்த் மெல்போர்னின் முதல் தலைவி. இந்த முறை படத்தில் முட்டைப் பந்தைப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டாண்டினாங், மெல்போர்ன்