'ஜார்தேன் திவேர்' பாடும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

'ஜார்தேன் திவேர்' என்ற பிரெஞ்சுப் பாட்டைக் கிட்டாரோடு பாடி நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். சுருதி சுத்தமாக இருக்கிறது, கார்டுகளிலும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களிலும்) தப்பில்லை. ஆனாலும் பிரெஞ்சுப் பாடகர் ஆன்றி சால்வடோரின் பாட்டில் இருக்கும் அந்த மிதப்பு வரவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் குரலில் குறையில்லை. கட்டைவிரலையும் மைக்கின் தூரத்தையும்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்தப் பாட்டு வந்த 'ஷாம்ப்ர் அவெக் வ்யூ' ஆல்பம் 2000 அக்டோபரில் வெளியானபோது அவருக்கு 83 வயது. அதற்காக நீ வரிக்கு வரி குரலை நடுங்க விடுகிறாய், வேண்டாம். அந்தக் குரலில் கேட்பது தளர்ச்சி இல்லை, கட்டுப்பாடு. பிரெஞ்சு கயானாவின் கயென் நகரில் பிறந்தவர், ஜாஸ் கிட்டார் வாசித்து வளர்ந்தவர். ரே வெந்துராவின் இசைக்குழுவோடு 1941 இறுதியில் தென் அமெரிக்காவுக்குப் போய், போர்க்காலத்தைப் பிரேசிலில் கழித்தார். பிரான்ஸ் திரும்பிய பிறகு நாடே அவரைச் சிரிப்புப் பாட்டுக்காரராகத்தான் கொண்டாடியது. 1964-இல் வந்த 'ஸோரோ எ தாரிவே' பாட்டைக் கேள், எவ்வளவு சத்தம், எவ்வளவு கும்மாளம்! அப்படிப்பட்டவர் 83 வயதில் இவ்வளவு அடக்கிப் பாடுகிறார் என்றால் அது தெரிந்து செய்தது. 'ஜார்தேன் திவேர்' எழுதிய கேரன் ஆன், பெஞ்ஜமன் பியோலே இருவரும் அப்போது முப்பதைத் தொடாதவர்கள்.

மேடையில் அறிமுகமாகச் சொல்ல நீ எழுதி வைத்திருக்கும் "போஸா நோவாவைக் கண்டுபிடித்தவர்" என்ற வரியை எடுத்துவிடு. போஸா நோவா என்பது சாம்பாத் தாளத்தை மென்மையாக்கிய பிரேசில் பாட்டு வகை. ஐம்பதுகளின் இறுதியில் அவர் பாடிய 'தான் மோன் ஈல்' பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமுக்கு ஒரு பொறியைத் தந்தது என்று சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பாட்டு மெதுவான பொலேரோ, அதாவது லத்தீன் அமெரிக்கக் காதல் பாட்டு வகை. போஸா நோவா ரியோவில் ஜோபிம், பாடகர் ஜோவாவ் ஜில்பெர்த்தோ இருவரின் கையில் பிறந்தது. பிரேசில் பாடகர் கயெத்தானோ வெலோசோ 1981-இல் 'தான் மோன் ஈல்' பாட்டைத் தானே பாடிப் பதிவு செய்தார். அதைச் சொல், அதுவே பெரிய மரியாதை.

இனி இந்தப் பாட்டுக்கான போஸா நோவா தாளம். நைலான் தந்தி கிட்டார்தான் வேண்டும், பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கூடாது. பதினாறு மாத்திரை ஒரு சுற்று. கட்டைவிரல் 1, 5, 9, 13-இல் பேஸ் தந்தியைத் தொடும். மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து கார்டைக் கிள்ளும் இடங்களைப் பயிற்சிக்கு இப்படிச் சொல்லிப் பழகு: தகிட தகிட தகதிமி தகிட தகிட. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும், அதாவது 1, 4, 7, 11, 14-இல், ஒரு கிள்ளல். கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றாக விழுவது முதல் மாத்திரையில் மட்டும்தான். இந்த விலகல்தான் மிதப்பாகக் கேட்கிறது. உன் பதிவில் இரண்டாவது 'தகிட' வரும்போது கட்டைவிரலும் அதோடு இழுபட்டு 4-க்கு வந்துவிடுகிறது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வை, ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை. முதலில் கட்டைவிரல் மட்டும். பிறகு கட்டைவிரல் ஓட, சொல்லை வாயால் மட்டும். மூன்றாவதாகத்தான் விரல்கள்.

இன்னொன்று: நீ 1-லும் 9-லும் அழுத்துகிறாய், அதனால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. சாம்பா என்ற பிரேசில் ஆட்ட இசையில் சுர்தோ என்ற பெரிய முரசு இரண்டாம் தட்டில்தான் கனமாக விழும். கட்டைவிரல் அந்த முரசின் வேலையைச் செய்கிறது, ஆகவே கனம் 5-லும் 13-லும், அதுவும் கொஞ்சம்தான்.

குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வரலாம், வரவும் வேண்டும். ஆனால் கிட்டார் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. நீ வரியை இழுக்கும்போதெல்லாம் கையும் தாமதிக்கிறது. கிட்டாரை மெட்ரோனோம் க்ளிக்கோடு தனியாகப் பதிவு செய்துவிட்டு, அதன்மேல் பாடு.

மைக் விஷயத்தில்தான் பெரிய நஷ்டம். நீ தள்ளி நின்று முழுக்குரலில் பாடிவிட்டு, மிக்ஸிங்கில் சத்தத்தைக் குறைத்திருக்கிறாய். சத்தம் குறைந்தது, நெருக்கம் வரவில்லை. மைக்குக்குப் பத்து சென்டிமீட்டரில் வந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவுக்குப் பாடு. முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக், நெருங்க நெருங்க அடிக்குரலை ஊதிக் காட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டு, போதாவிட்டால் 100 வரை போ. 'ப' ஒலி வெடித்தால் பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் வலைத்திரை) போட்டு, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வை. மெதுவாகப் பாடும்போது கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றுவதால் அறையின் சத்தமெல்லாம் உள்ளே வரும், மின்விசிறியை நிறுத்திவிடு. ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) மிகக் குறைவாகப் போதும். அதிகமானால் கிட்டாரின் இடைவெளிகள் மூடிப்போகும்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. பாட்டின் தலைப்பில் 'தேன்' என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் நாக்கு மேலே ஒட்டக் கூடாது. 'தே'யை மூக்கில் விட்டு, வாய் திறந்தபடியே முடி. நம் நாக்கு பழக்கத்தில் அங்கே 'ன்' அல்லது 'ங்' போட்டு மூடிவிடுகிறது. நீண்ட சுரத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

பயிற்சிக்கு இடையில், 2006-இல் வந்த 'ரெவெரான்ஸ்' ஆல்பத்தையும் கேள். கயெத்தானோவும் இன்னொரு பிரேசில் பாடகரான ஜில்பெர்த்தோ ஜில்லும் சால்வடோரோடு பாடுகிறார்கள். 89 வயதுக்காரர் வரியின் முடிவை எங்கே விடுகிறார், மூச்சை எங்கே எடுக்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள். அடுத்த முறை கிட்டாரையும் குரலையும் தனித்தனி ட்ராக்காக, எஃபெக்ட் எதுவும் போடாமல் அனுப்பு. முதலில் கட்டைவிரலைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
அண்ணன்