கருப்பைவாயின் நீளம்: 25 மில்லிமீட்டர் தீர்ப்பல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் குறைப்பிரசவம் பற்றி வெளிவந்த கட்டுரை, ஐந்தாம் மாத ஸ்கேனின்போது கர்ப்பிணிகள் கருப்பைவாயின் நீளத்தையும் அளந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. அதில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால், நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைப்பிரசவம் உறுதி, மேலே இருந்தால் கவலையே வேண்டாம் என்று படிப்பவர் பொருள்கொள்ளும்படி அது எழுதப்பட்டிருந்தது. கர்ப்பகால ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் என்ற முறையில், இந்த இரண்டு முடிவுகளுமே பிழையானவை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த 25 எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். 1996-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 24-ஆம் வாரத்தை ஒட்டிச் சுமார் 2,900 பெண்களுக்கு இந்த நீளம் அளக்கப்பட்டது. சராசரி 35 மில்லிமீட்டர். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு 26 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தது. நீளம் குறையக் குறைய, காலத்துக்கு முந்திய பிரசவத்தின் வாய்ப்பு படிப்படியாகக் கூடியதே தவிர, குறிப்பிட்ட ஓரிடத்தில் திடீரென்று எகிறவில்லை. ஆகவே 25 என்பது கணக்கு வசதிக்காகப் போட்ட கோடு. 24 உள்ள பெண்ணின் உடலும் 26 உள்ள பெண்ணின் உடலும் வெவ்வேறு விதமானவை அல்ல. அதே ஆய்வில் 25-ம் அதற்குக் கீழும் இருந்தவர்களில் 35 வாரத்துக்கு முன்பே பிரசவித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். மற்ற 82 பேருக்கும் அந்தக் கட்டம் தாண்டியே பிரசவம் நடந்தது. மறுபுறம், 35 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறக்குறைய 37 சதவீதத்தினரையே இந்த அளவு முன்கூட்டிக் காட்டியிருந்தது. முதல் முறை கருவுற்ற 9,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2017-ல் வெளியான ஆய்வில் நிலைமை இன்னும் மோசம்: 16 முதல் 22 வாரத்துக்குள் எடுத்த அளவு, தானாகவே குறைப்பிரசவம் ஆனவர்களில் 8 சதவீதத்தினரை மட்டுமே அடையாளம் காட்டியது.

அப்படியானால் எதற்காக அளப்பது என்ற கேள்வி எழும். குறுகியிருப்பது தெரிந்தால் செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்பதால்தான். 2007-ல் வெளியான ஆய்வில், நீளம் 15 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்த பெண்களுக்கு 24-ஆம் வாரத்திலிருந்து 34-ஆம் வாரம் வரை இரவுதோறும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்) மருந்து பிறப்புறுப்பு வழியாக வைக்கப்பட்டது. 34 வாரத்துக்கு முந்திய பிரசவம், போலி மருந்து வைத்தவர்களில் 34 சதவீதமாக இருக்க, இவர்களில் 19 சதவீதமாகக் குறைந்தது. முன்பே ஒரு முறை குறைப்பிரசவம் ஆகி, இப்போதும் கருப்பைவாயின் நீளம் குறைந்துகொண்டு வருபவர்களுக்கு அந்த வாயில் தையல் போடுவதும் பலன் தரக்கூடியது. கருவில் இரட்டைக் குழந்தைகள் இருப்பவர்களுக்கு இந்த முடிவுகளை அப்படியே பொருத்திவிட முடியாது.

கட்டுரை அறவே தொடாத விஷயம், அளக்கும் முறை. என் அனுபவத்தில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அதன் அழுத்தத்தில் கருப்பைவாய் உள்ளதைவிட நீளமாகத் தெரியும். குழந்தையின் தலை மறைத்துக்கொள்வதும் உண்டு. எந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அவரே தப்பிப் போவார். சரியான அளவு பிறப்புறுப்பு வழியாக எடுப்பதுதான். அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். கருவியை அழுத்தாமல் வைக்க வேண்டும், ஏனென்றால் அழுத்தினாலும் நீளம் பொய்யாகக் கூடும். உள்வாய், வெளிவாய் இரண்டும், இடையிலுள்ள பாதை முழுவதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். சில நிமிடங்கள் பொறுத்திருந்து மூன்று முறையாவது அளந்து, தெளிவான படங்களில் மிகக் குறைந்த அளவையே எழுத வேண்டும். சராசரி போடக் கூடாது. உள்வாய் புனல்போல் திறந்திருந்தால் மூடியிருக்கும் பகுதியின் நீளம் மட்டுமே கணக்கு. 16 வாரத்துக்கு முன்பு கருப்பையின் கீழ்ப்பகுதியும் கருப்பைவாயும் பிரித்தறிய முடியாதபடி ஒட்டித் தெரிவதால், மிக முன்னதாக எடுத்த அளவு ஏமாற்றிவிடும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இந்தச் சோதனைக்குத் தயங்குபவர்கள் பலர். கருவி கருப்பைவாய்க்குள் நுழைவதில்லை. ஆபத்து ஏதும் இல்லை. ஆனால் அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, பெண்ணின் சம்மதத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். அவசரத்தில் இது விடுபட்டுப் போகிறது.

கட்டுரையின் கடைசிப் பத்தி, நீளம் குறைந்தவர்கள் பிரசவம் வரை படுக்கையிலேயே ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. கருப்பைவாய் 30 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்த, முதல் முறை கருவுற்ற பெண்களைப் பற்றி 2013-ல் வெளியான பகுப்பாய்வில், நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களில் 37 சதவீதத்தினருக்கும், அப்படிச் சொல்லப்படாதவர்களில் 17 சதவீதத்தினருக்கும் குறைப்பிரசவம் ஆனது. ஓய்வே அதற்குக் காரணம் என்று இதைக்கொண்டு முடிவுகட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் படுத்திருப்பது காப்பாற்றும் என்பதற்கும் சான்று இல்லை. நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் மட்டும் மிஞ்சும்.

எல்லோருக்கும் அளப்பதா என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2015-ல் அளக்கலாம் என்று பரிந்துரைத்தது. பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு அனைவருக்கும் பொதுவான சோதனையாக அதை ஏற்கவில்லை. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு 16-ஆம் வாரம் தொடங்கி இரண்டு வாரத்துக்கொரு முறை பார்ப்பது அவசியம் என்பேன். மற்றவர்களுக்கு, முறையாக அளக்கத் தெரிந்தவர் இருந்தால், ஐந்தாம் மாதத்தில் ஒரு முறை போதும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் வயிற்றின் மேலிருந்து தோராயமாக ஒரு நீளம் எழுதித் தருவதைவிட, அறிக்கையில் அதற்கான கட்டத்தை வெறுமையாக விடுவதே நேர்மை.

அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதும்போது, வலியோடு வரும் பெண்களுக்கு இதே அளவு எப்படி உதவுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். மாதம் நிறையாத நிலையில் வலி கண்டாலும், நீளம் 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு. இதை அறிந்தால், தேவையற்ற மருத்துவமனைத் தங்கலையும், குழந்தையின் நுரையீரல் முதிரப் போடும் ஸ்டீராய்டு ஊசியையும் பல நேரங்களில் தவிர்க்க முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
மகப்பேறு ஸ்கேன் மருத்துவர் ஒருவர்